அவள் சொன்னது போதாதா?

2023 ஜூலை 19 அன்று மணிப்பூரிலிருந்து ஒரு காணொளி நாடெங்கும் பரவியது. குக்கி-ஸோ சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பெண்களை ஒரு கும்பல் ஆடையின்றி வயல்வெளியில் நடத்திச் செல்லும் காட்சி அது. சம்பவம் நடந்தது மே 4ஆம் தேதி. இரண்டரை மாதம் கழித்துத்தான் காணொளி வெளியே வந்தது. வந்த மறுநாளே முதல் கைது நடந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதுவரை மணிப்பூரைப் பற்றிப் பேசாதிருந்த பிரதமர் பேசினார். அந்தக் காணொளியை நீக்கும்படி சமூக ஊடக நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசு உத்தரவிட்டதும் அதே வேகத்தில்தான்.

அந்த நாட்களில் வகுப்பறையிலும் தோழிகளின் உரையாடல்களிலும் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வந்தது. "இந்த வீடியோ வராமல் இருந்திருந்தால் அவர்கள் எல்லோரும் இன்னும் வெளியேதான் திரிந்துகொண்டிருப்பார்கள். பார்க்கக் கொடுமையாக இருக்கிறது என்று பகிராமல் விட்டால் நாமும் குற்றத்துக்குத் துணைபோகிறோம்." இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மேலே சொன்ன தேதிகளே அதன் பக்கம் நிற்கின்றன. அதிகாரத்தில் இருப்பவர்கள் மறைக்க விரும்புவதை மக்கள் அறியச் செய்வதுதான் கருத்துச் சுதந்திரத்தின் முதல் வேலை என்று நானும் நம்புகிறேன்.

ஆனால் அதே தேதிகளை இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம். மே 18ஆம் தேதியே ஊர்த் தலைவர் சைகுல் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருந்தார். பெண்களின் ஆடை களையப்பட்டது, பாலியல் வன்கொடுமை, கொலை என எல்லாமே அதில் இருந்தன. அந்தப் புகார் சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்குப் போய்ச் சேரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஜூன் மாதத்தில் தேசிய மகளிர் ஆணையத்துக்கும் புகார் போனது. ஒருவரும் கைதாகவில்லை. ஜூலையில் வந்த காணொளி, அந்தப் புகாரில் இல்லாத எதையும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. உண்மையில், புகாரில் இருந்ததைவிடக் குறைவாகத்தான் அதில் இருந்தது. அரசுக்கு ஜூலை 19 அன்று புதிதாகத் தெரியவந்தது ஒன்றே ஒன்றுதான்: இதை இப்போது எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை நம்புவதற்கு அவளுடைய சொல் போதாது, அவளுடைய நிர்வாணமே தேவை என்றால், இங்கே பறிபோயிருப்பது யாருடைய கருத்துச் சுதந்திரம்? துயரப் படங்களைப் பகிர்வது பற்றிய விவாதத்தை நாம் வழக்கமாகப் பகிர்பவருக்கும் தடுப்பவருக்கும் இடையிலான வழக்காக நடத்துகிறோம். பகிர்பவருக்கு உரிமை உண்டா, அரசுக்குத் தடுக்கும் அதிகாரம் உண்டா என்று கேட்கிறோம். படத்தில் இருப்பவள் அந்த வழக்கில் ஒரு தரப்பாகவே வருவதில்லை. அவளுக்கும் பேச்சுரிமை உண்டு. எப்போது பேசுவது, யாரிடம் பேசுவது, எவ்வளவு சொல்வது, எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அந்த உரிமைக்குள் அடக்கம். அவள் வாய் திறக்கும் முன்பே அவள் உடம்பை வைத்து நாம் பேசத் தொடங்கிவிட்டால், முதலில் பறிக்கப்படுவது அவளுடைய உரிமை.

மணிப்பூரில் அந்தக் காணொளிக்கு முன்பு இன்னொரு படம் பரவியிருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பிளாஸ்டிக்கில் சுற்றப்பட்ட ஓர் இளம்பெண்ணின் உடல். மெய்தெய் பெண் ஒருத்தியைக் குக்கிகள் வன்புணர்ந்து கொன்றுவிட்டார்கள் என்ற குறிப்போடு மே மாதத் தொடக்கத்தில் அது கைமாறியது. உண்மையில் அது 2022 நவம்பரில் கொல்லப்பட்ட தில்லிப் பெண் ஒருத்தியின் படம். மணிப்பூருக்கும் அவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பொய்தான் குக்கிப் பெண்கள் மீதான பழிவாங்கலைத் தூண்டியது என்று பத்திரிகைகள் பின்னர் எழுதின. அதைப் பகிர்ந்தவர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு பகிர்ந்திருக்க மாட்டார்கள். "நம் பெண்ணுக்கு நேர்ந்ததைப் பாருங்கள்" என்ற ஆத்திரத்தோடுதான் பகிர்ந்திருப்பார்கள். ஆனால் 'நம் பெண்' என்ற சொல் வந்த உடனேயே 'அவர்கள் பெண்' என்ற சொல்லும் தயாராகிவிடுகிறது. ஒருத்தியின் பிணத்தைக் காட்டி இன்னொருத்தியின் ஆடையை உருவ முடிகிறது. இதில் கொலையுண்ட அந்தத் தில்லிப் பெண் யார், அவளைக் கொன்றது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவள் படம் ஆண்கள் ஆண்களுக்கு அனுப்பிக்கொள்ளும் கடிதமாக மாறிவிட்டது.

அதே மணிப்பூரில், 2004 ஜூலை 15 அன்று, 12 பெண்கள் இம்பாலின் காங்லா கோட்டை வாயிலில் ஆடை களைந்து நின்றார்கள். கோட்டை அப்போது அசாம் ரைபிள்ஸ் படையின் கையில் இருந்தது. சில நாட்களுக்கு முன் அந்தப் படையினர் பிடித்துச் சென்ற தங்ஜம் மனோரமா பிணமாகக் கிடந்தார். வந்து எங்களையும் வன்புணருங்கள் என்று இந்திய ராணுவத்தை நோக்கி எழுதிய பதாகையை அந்தத் தாய்மார்கள் பிடித்திருந்தார்கள். அந்தப் புகைப்படமும் உலகமெங்கும் போனது. பார்ப்பவர்களை அதுவும் நிலைகுலையச் செய்தது. அடுத்த மாதமே இம்பால் நகராட்சிப் பகுதியிலிருந்து ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் கோட்டை மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

2004இல் எடுத்த படத்திலும் நிர்வாணம்தான், 2023இல் எடுத்த படத்திலும் நிர்வாணம்தான். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து எடைபோட்டால் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைக்க வேண்டியிருக்கும். ஆனால் காங்லாவில் அந்தப் பெண்களே பேசினார்கள். தங்கள் உடம்பையே வாக்கியமாக எழுதி, அது யாருக்கான வாக்கியம் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். அந்தப் படத்தைப் பகிர்வது அவர்களுடைய பேச்சைக் கொண்டுசேர்ப்பது. 2023 காணொளியைப் படம்பிடித்தது தாக்கிய கும்பலில் ஒருவனுடைய கைபேசி. அவமானப்படுத்தியதோடு நில்லாமல், அவமானத்தை ஊருக்கே காட்ட வேண்டும் என்பதும் அந்தக் குற்றத்தின் ஒரு பகுதி. அதைப் பகிரும்போது, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு பகிர்ந்தாலும், அவன் தொடங்கிய வாக்கியத்தைத்தான் நாம் எழுதி முடிக்கிறோம்.

நம் சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்க்க நெடுங்காலம் மறுத்துவந்தது. ஆபாசம் எது என்பதற்கு, 1868இல் இங்கிலாந்தில் வந்த ஹிக்ளின் தீர்ப்பின் அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் 1964இல் ஏற்றுக்கொண்டது. எளிதில் கெடக்கூடிய மனங்களை இது கெடுக்குமா என்பதுதான் அந்த அளவுகோல். 2014இல் அது கைவிடப்பட்டு, சமகாலச் சமூகத்தின் நெறிகள் அளவுகோலாயின. இரண்டுமே பார்ப்பவரின் மனதைப் பற்றித்தான் கவலைப்படுகின்றன. பார்க்கப்படுபவளிடம் எதுவும் கேட்பதில்லை. இந்தப் பார்வையின் விளைவைத் தமிழில் எழுதும் பெண்கள் நன்றாகவே அறிவோம். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' கவிதைத் தொகுப்பு வந்தபோது, தலைப்பைப் பார்த்தே எவ்வளவு கூச்சல் எழுந்தது! ஒரு பெண் தன் உடம்பைத் தன் சொல்லில் எழுதினால் பண்பாடு கெட்டுவிடுகிறது. அவள் செத்த பிறகு, அவள் சம்மதம் இல்லாமல் அவள் உடம்பு கைபேசி கைபேசியாகப் போகும்போது பண்பாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை.

அதனால்தான் துயரப் படங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்லும்போது எந்தக் காரணத்தால் சொல்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பார்ப்பவருக்குக் கூசுகிறது, மனம் கலங்குகிறது என்பது போதுமான காரணம் இல்லை. கலங்க வேண்டியதற்குக் கலங்கத்தான் வேண்டும். படத்தில் இருப்பவருக்கு மறுபடி ஓர் அநீதி நடக்கிறது என்பதே காரணம். இந்தக் காரணத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது பெண்கள் இயக்கம். மதுரா வழக்கின் தீர்ப்பை எதிர்த்து எழுந்த போராட்டங்களுக்குப் பிறகு, 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவு சேர்ந்தது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றமானது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவாக அது இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, சம்மதமின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. இந்த இரண்டு பிரிவுகளுக்கும் மையம் அவள். அவள் சம்மதித்தாளா என்பதே கேள்வி.

அதே சட்டத்தின் 69ஏ பிரிவு வேறு வகை. அரசின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு போன்ற காரணங்களுக்காக அரசு ஒரு பதிவை முடக்கலாம். அந்த உத்தரவுகளை ரகசியமாக வைத்திருக்கவும் விதி இடம் தருகிறது. பெண்ணின் மானத்தைக் காக்கிறோம் என்ற பேச்சு இந்தக் கதவு வழியாக வரும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மணிப்பூர் காணொளியை நீக்கச் சொன்ன அரசு, அதே அக்கறையை மே 18 அன்று பதிவான புகாரின்மேல் காட்டியிருக்கலாமே!

இந்த இரண்டு வகை மறுப்பும் ஒரே இடத்தில் மோதியதற்கு இசைப்பிரியாவின் கதை சாட்சி. ஈழத்தில் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளராக இருந்தவர். 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில் கொல்லப்பட்டார். சண்டையில் இறந்தார் என்று இலங்கை அரசு சொன்னது. 2013 நவம்பரில் சேனல் 4 ஒளிபரப்பிய காணொளியில் அவர் உயிரோடு ராணுவத்தினரின் பிடியில் இருந்தார். அதற்கு முன்பே அவருடைய உடலின் படங்கள் வெளிவந்திருந்தன. படைவீரர்களே வெற்றிச் சின்னம்போலக் கைபேசிகளில் எடுத்துவைத்திருந்த காட்சிகள் பின்னர் அவர்களுக்கு எதிரான ஆதாரங்கள் ஆயின. அந்தப் படங்கள் வெளிவராமல் போயிருந்தால் ஓர் அரசின் பொய் அப்படியே நின்றிருக்கும். ஆகவே "இப்படிப்பட்ட படங்களே வெளிவரக் கூடாது" என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் பொய்யை உடைத்தது எது என்று பாருங்கள். அவர் உயிரோடு பிடிபட்டார் என்பதைக் காட்டிய காட்சி. தமிழ்நாட்டில் சுவரொட்டிகளிலும் முகநூல் பக்கங்களிலும் நாம் அதிகம் பார்த்ததோ அவருடைய குலைந்துகிடந்த உடல். விசாரணைக்குத் தேவைப்பட்டது ஒன்று. கூட்டத்தின் உணர்ச்சியைக் கிளறத் தேவைப்பட்டது வேறொன்று. அவரைப் பற்றி எடுக்கப்பட்ட 'போர்க்களத்தில் ஒரு பூ' என்ற திரைப்படத்துக்கு 2015இல் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. இலங்கையுடனான நட்புறவு கெடும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே படத்தை எதிர்த்து அவருடைய தாயும் சகோதரியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசு சொன்ன காரணத்தை நான் ஏற்க மாட்டேன். அந்தத் தாயின் காரணத்தைக் கேட்காமல் கடந்துபோகவும் என்னால் முடியாது. இரண்டையும் 'தடை' என்ற ஒரே சொல்லால் அழைக்கும்போது நம் சிந்தனை மழுங்கிவிடுகிறது.

தாயின் முடிவு எப்போதும் மறைப்பதாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. 1955இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். சிகாகோவில் நடந்த இறுதிச் சடங்கில் சவப்பெட்டியைத் திறந்தே வைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் அவன் தாய் மேமி டில். அடையாளம் தெரியாதபடி சிதைந்த அந்த முகத்தைப் பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்பினத்தவர் நடத்திய 'ஜெட்' இதழ் படத்தை வெளியிட்டது. சவப்பெட்டியின் மூடியில், நல்ல உடையணிந்து அவன் சிரிக்கும் படங்களையும் மேமி வைக்கச் செய்திருந்தார். பார்க்க வந்தவர்கள் சிதைந்த முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது. அது யாருடைய முகம் என்பதையும் பார்த்தாக வேண்டும். கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்தது. ஆனாலும் அந்தப் படம் ஒரு தலைமுறையைப் போராட்டத்துக்குக் கொண்டுவந்தது.

குடும்பம் எடுக்கும் முடிவு எல்லா நேரமும் நியாயமாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. நம் ஊரில் 'குடும்ப மானம்' என்ற பெயரில் எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அவள் உயிரோடு இருந்தால் முடிவு அவளுடையது. அப்பாவுடையதோ கணவனுடையதோ சாதிச் சங்கத்துடையதோ இல்லை. அவள் பேச முடியாத நிலையில் இருந்தால், அவளுக்குப் பேச வழி செய்து தருவது நம் வேலை. இறந்துவிட்டால், உண்மையை நிறுவ எது தேவையோ அதை மட்டும், அதை விசாரிக்க வேண்டியவர்கள் முன் வைக்கலாம். பரபரப்புக்காக அதற்கு மேல் ஒரு சட்டகம் காட்டினாலும் அது அவளுக்குச் செய்யும் துரோகம்.

விசாரணைக்குள் படம் என்ன செய்யும், தெருவில் என்ன செய்யும் என்பதைப் பொள்ளாச்சி நமக்குக் காட்டியது. 2019இல் அந்தக் காணொளிகளின் துணுக்குகள் பரவின. ஓர் இளம்பெண்ணின் கதறலைத் தொலைக்காட்சிகளும் கைபேசிகளும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டன. புகார் கொடுத்தவரின் பெயரை அரசுத் தரப்பே வெளியிட்டுவிட, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அந்த வாரங்களில் என் மாணவிகள் பலருடைய வாட்ஸ்அப் முகப்புப் படங்கள் பூவாகவும் சாமியாகவும் மாறின. "அப்பா எடுக்கச் சொல்லிட்டார் மேடம்" என்றார்கள். ஒருத்தியின் கைபேசியையே வாங்கி வைத்துக்கொண்டார்கள். குற்றம் செய்தவர்கள் ஆண்கள். இணையத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் பெண்கள். கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் பகிரப்பட்ட ஒரு கதறல், எத்தனையோ பெண்களின் கருத்துச் சுதந்திரத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனது.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. மூடிய அறையில் நடந்த விசாரணையில், பெயரும் முகமும் வெளியே தெரியாமல், அந்தப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை. குற்றவாளிகளின் கருவிகளிலிருந்து மீட்கப்பட்ட காணொளிகள் அங்கே அவர்களுடைய சொல்லுக்குத் துணையாக நின்றன. படம் இருக்க வேண்டிய இடம் அதுதான்: அவளுடைய சொல்லுக்குப் பக்கத்தில், அவள் பேசும்போது.

மணிப்பூரின் அந்த இரண்டு பெண்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 'எக்ஸ்', 'ஒய்' என்ற எழுத்துகளே அவர்களுடைய பெயர்களாக மனுவில் இருந்தன. தங்கள் வழக்கு எப்படி, யாரால் விசாரிக்கப்பட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். காணொளியைப் பகிர்ந்த நம்மில் எத்தனை பேர் அந்த மனுவில் என்ன இருந்தது என்று படித்தோம்?

அடுத்த முறை இப்படி ஒரு படம் உங்கள் கைபேசிக்கு வந்தால் அதை எடுத்தவன் யார், அதில் இருப்பவள் இதற்குச் சம்மதித்தாளா என்று முதலில் கேளுங்கள். அது குற்றத்தின் ஆதாரம் என்று தோன்றினால், எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடமோ பெண்கள் அமைப்பிடமோ பேசுங்கள். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் பெண்களுக்கான 181 என்ற எண்ணுக்கும் பேசலாம். படத்தில் இருப்பது நீங்களாகவோ உங்கள் தோழியாகவோ இருந்தால் ஒளிந்துகொள்ள வேண்டாம். 2021இல் வந்த விதிகள், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் அந்தரங்கப் படங்களை 24 மணி நேரத்துக்குள் நீக்கியாக வேண்டும் என்று சமூக ஊடக நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தின. ரகசிய அரசு உத்தரவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இங்கே படம் இறங்குவது அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு.

பகிர்ந்தே ஆக வேண்டும் என்று மனம் கொதித்தால், எழுதிப் பகிருங்கள். ஊர் எது, தேதி எது, புகார் எந்தக் காவல் நிலையத்தில் கிடக்கிறது, எத்தனை நாளாகக் கிடக்கிறது, பொறுப்பில் இருக்கும் அதிகாரி யார் என்று எழுதுங்கள். இதைத் தடுக்க அரசு வந்தால், அப்போது கருத்துச் சுதந்திரத்துக்காக வீதிக்கு வருவோம். "படம் இல்லாமல் யார் நம்புவார்கள்?" என்று கேட்பவர்களிடம், மே 18 முதல் ஜூலை 19 வரை எத்தனை நாட்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். 62 நாட்கள். அந்த 62 நாட்களும் அவர்களுக்கு நேர்ந்தது எழுத்தில் இருந்தது.